மிதியை விட்டு எழுந்தவர்

வெள்ளிக்கிழமை மதியம். பாலைவன ஓரத்து மாஆன் ஊரில் கடையெல்லாம் அடைத்தாயிற்று. ஊரின் கிழக்கு ஓரத்தில், தார் ரோடு முடிந்து கல்காடு தொடங்கும் இடத்தில், சுவைலிம் தன் பழைய பிக்கப்பின் அடியில் மல்லாந்து கிடந்தான். பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டி காலி. அதை நிரப்பிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் மேட்டுக்கு அப்பால் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் அவன் அக்கா ஃபித்தா கூடாரம் போட்டிருக்கிறாள். புருஷனை இழந்தவள்; ஆட்டு மந்தை ஒன்றுதான் அவளுக்கு எல்லாம்.

காலையில் போன் செய்தவள் கத்தவில்லை, அழவில்லை. "தண்ணி தீந்துபோச்சுடா. குட்டி போட்ட ஆடெல்லாம் வெறுந்தொட்டிய நக்கிக்கிட்டு நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருக்கும்.

கிளட்ச்தான் சதி செய்தது. எண்ணெய் கசிகிறதே என்று மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் இரண்டையும் தன் கையாலேயே மாற்றியிருந்தான். புதுசு போட்டபின் கிளட்ச் மிதி விறைப்பாக நிற்க வேண்டாமா? பிசைந்த மாவில் கால் வைத்ததுபோல் தரை வரைக்கும் போனது. கியர் விழ மறுத்தது. குழாய்க்குள் காற்று நிற்கிறது, அதை எடுத்தாக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் மிதியைப் பலமுறை அமுக்கி, கடைசியில் அமுக்கியபடியே பிடித்துக்கொள்வார். கீழே இருப்பவன் கீழ் சிலிண்டரிலுள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றையும் எண்ணெயையும் வெளியே விட்டு மூடுவான். மூடும்வரை மேலே கால் அசையக் கூடாது. அசைந்தால் போன காற்று புகுந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

மிதிக்க வந்தவர் அண்டை வீட்டுப் பெரியவர் தியாப். யாரும் கூப்பிடவில்லை. இவன் தனியாக அல்லாடுவதைப் பார்த்தவர், மிதிக்க ஒரு கால் வேண்டுமே என்று தாமாகவே வந்து, நோகிற முழங்காலோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"மிதிச்சுப் பிடிங்க பெரியப்பா."

"பிடிச்சிட்டேன்."

திறப்பான், மூடுவான். மறுபடி முதலிலிருந்து. டப்பா நிறைய எண்ணெய் சேர்ந்ததே தவிர மிதி இறுகவில்லை. வெளியே வந்து மிதித்துப் பார்த்தால் அதே மாவு. பாகம் விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசினான். கீழ் சிலிண்டரைக் கழற்றி, துடைத்து, திருப்பி மாட்டினான். பாவம், கடைக்காரன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவன் மனைவி ஹம்தா வாசலில் ரொட்டி சுட்டபடி, "வண்டியத் திட்டினா ஓடுமா? ஓடும்னா சொல்லு, நானும் ரெண்டு வார்த்த சேத்துத் திட்டுறேன்" என்றாள். அவன் மறுபடி வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். ஃபித்தாவின் குரல்தான் காதில் நின்றது.

அப்போது ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் பாதை வண்டியை ஒட்டித்தான் போகிறது; காலையிலிருந்தே அதில் ஆள் நடமாட்டம். சுவைலிம் நிப்பிளைத் திறந்தான். யாரோ சலாம் சொன்னார்கள். தலைக்கு மேல் வண்டி ஒரு விரல்கடை எழும்பி இறங்கியது. நிப்பிள் வாயில் வழிந்துகொண்டிருந்த எண்ணெய், அவன் கண்ணெதிரே உள்ளே போயிற்று, பின்னாலேயே காற்றும். நிப்பிள் இன்னும் திறந்தே இருந்தது.

அடுத்த தடவை திறந்துவிட்டுக் காத்திருந்தான். இன்னொரு சலாம் வந்தது. வண்டி எழும்பியது, எண்ணெய் உள்ளே திரும்பியது. அவனுக்கு விளங்கிவிட்டது.

சலாம் சொல்பவருக்கு எழுந்து நின்று பதில் சொல்வது அந்தப் பக்கத்து மரியாதை. வண்டிக்குள் இருப்பவனிடம் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தியாப் விதிவிலக்கு. கூரை தலையில் இடிக்க, நெஞ்சில் கை வைத்து, சின்னப் பயல் போனால்கூட இருக்கையை விட்டு எழும்புவார். எழும்புகிற மனுஷனுக்குக் கால் எப்படி மிதியில் நிற்கும்?

சுவைலிம் ஊர்ந்து வெளியே வந்து ஹம்தாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கா காலையிலேருந்து இந்தப் பாடு? எழுந்திரிக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போச்சு."

"அவரப் பாத்து அத மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது."

ஹம்தா சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்கும் தெரிந்த கதைதான்.

பல வருஷங்களுக்கு முன் சுவைலிம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மலைத்திருப்பத்தில் வேறொரு குலத்து ஆள் குறுக்கே வந்து, அடிபட்டு இறந்துபோனார். வேண்டுமென்று செய்ததில்லைதான். ஆனாலும் சமாதானம் ஆகும்வரை விலகியிருக்க வேண்டும் என்ற குல வழக்கப்படி ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அகபாவில் துறைமுகத்து மூட்டைகளோடு வருஷக்கணக்கில் கிடந்தான். பெரியவர்கள் பேசி, இரு தரப்பும் சமாதானமாகி, அவன் திரும்பி வந்தபோது ஊரில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் போய் சலாம் சொன்னான். எல்லோரும் உட்கார்ந்தபடியே வாய்க்குள் முனகினார்கள். ஒரு உயிர் போன கையோடு வந்தவனுக்கு எழுந்திருக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

மூலையிலிருந்து ஒருவர் மட்டும், பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து, நோகிற முழங்காலை நிமிர்த்தி எழுந்து நின்றார். அது தியாப். "வா மகனே, உன் வீட்டுக்கு வந்துட்ட" என்றார். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பந்தலே எழுந்தது. அன்றைக்கு அவர் உட்கார்ந்தே இருந்திருந்தால் சுவைலிம் மறுபடி அகபாவுக்கே பஸ் ஏறியிருப்பான். இந்த வீடு இல்லை, ஹம்தா இல்லை, பிக்கப்பும் இல்லை.

ஆகவே அவன் ஒரு பொய்யைத் தேடினான். பாதிப் பொய்தான்.

"பெரியப்பா, வண்டி மூக்கத் தூக்கி நின்னா காத்து லேசா மேல ஏறிவரும். வீட்டுக்குப் பின்னால மேடா இருக்கு, அங்க தள்ளிக்கிட்டுப் போயிடலாமா?"

"செய் மகனே. நான் இறங்கட்டுமா?"

"நீங்க உக்காருங்க."

சலாம் சொல்லிக்கொண்டு போனவர்களே கை கொடுத்தார்கள். தியாப் ராஜாவைப்போல் உள்ளே அமர்ந்திருக்க, வண்டி வீட்டின் பின்பக்கம் போய் ஆட்டுப்பட்டிச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. அங்கே ஈ காக்கை வராது. தப்பித் தவறி யாரும் வந்துவிடாமல் ஹம்தா முன்பக்கம் தேநீர்க் கெண்டியோடு காவல் இருந்தாள். வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்தாள்.

சுவைலிம் நிப்பிளைத் திறந்தான். புஸ்ஸென்று நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான எண்ணெய். ஒரு சொட்டும் உள்ளே திரும்பவில்லை. நிப்பிளை இறுக்கினான்.

"இப்பக் கல்லு மாதிரி இருக்குடா" என்றார் தியாப் மேலிருந்து. "ஆனா சுவரப் பாக்க வச்சிட்டியே. ஒரு மனுஷ முகம் தெரியல."

சுவைலிம் ஊர்ந்து வெளியே வந்து எழுந்தான். கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், முதல்முறை பார்ப்பவன்போல் முழு சலாம் சொன்னான். தியாப் திகைத்துப்போனார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. நெஞ்சில் கை வைத்து எழும்பினார். அந்தக் கையை இவன் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியது.

"அன்னைக்குப் பந்தல்ல எழுந்தீங்களே பெரியப்பா. அதுக்கு நான் இன்னும் நன்றி சொல்லல."

"அட, சலாம் சொன்ன. எழுந்தேன். அதுக்கென்ன" என்றார் அவர்.

தொட்டி நிரம்பியது. புறப்பட்டபோது தியாப் பாதையோரம் நின்று கையை உயர்த்தினார். கிளட்சில் கால் இருந்ததை மறந்து சுவைலிம் இருக்கையை விட்டு எழும்பினான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. வாசலில் ஹம்தா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. வெட்கப்படாமல் மறுபடி ஸ்டார்ட் செய்தான்.

மேட்டைத் தாண்டும்போது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. எஞ்சின் சத்தம் கேட்டதும் மந்தை ஓடிவந்தது. வண்டித் தொட்டியின் குழாயை ஆட்டுத் தொட்டியில் திறந்துவிட்டான். குட்டிகள் தாய்களின் காலுக்கிடையே தலையை நுழைத்துக் குடித்தன. ஃபித்தா இடுப்பில் கை வைத்து நின்று, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

"வழியில சலாம் சொல்றவங்க ஜாஸ்திக்கா" என்றான் சுவைலிம்.