வெள்ளை வந்தால் இருப்பான்

எங்கள் கால்பந்து கிளப்பில் யார் இருப்பார், யார் போவார் என்பதை மூன்று கோடைகளாக மடவார் வளாகத்துப் பூப்பொட்டலம் பிசகாமல் சொன்னது. நான்காவது கோடையில் அதனிடம் என் கூட்டாளியைப் பற்றிக் கேட்கும்படி ஆகிவிட்டது. அவன் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் இருக்கிறது, கோப்பை வாங்கிப் பல காலமாகிறது, அது போதும். எனக்குத் தெரிந்து ராஜபாளையத்தில் அதற்கு இரண்டே ரசிகர்கள். நூல் மில்லில் தரப் பரிசோதனை அறையில் வேலை பார்க்கும் நான் ஒருவன். அதே மில்லில் ஃபிட்டராக இருந்த அவன் இன்னொருவன். அவன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போவான். கேன்டீனே கிரிக்கெட் பேசும்போது நாங்கள் இரண்டு பேரும் மூலை பெஞ்சில் உட்கார்ந்து கால்பந்து பேசுவோம். அவனைத் தவிர இதையெல்லாம் பேச எனக்கு ஆள் கிடையாது.

மே மாதத்தோடு ஆட்டங்கள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை மைதானத்தில் பந்து ஓடாது. ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் காலம் என்பதால் வதந்திதான் ஓடும். ஒருத்தன் வீட்டை விற்கிறானாம். இன்னொருத்தன் தன் சமூக ஊடகப் பக்கத்திலிருந்து பழைய படங்களை அழித்துவிட்டானாம். வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி மணிக்கு நாலு தடவை ஃபோனை எடுத்துப் பார்ப்பேன். எனக்குப் பிடிக்காதது அப்போது சுற்றும் பொய்ப் படங்கள்தான். எவனோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எங்கள் ஆட்டக்காரனுக்கு வேறு கிளப்பின் சட்டையை மாட்டிவிடுவான். முகம் அவனுடையது, சிரிப்பும் அவனுடையது, ஆனால் அந்தச் சட்டையை அவன் தொட்டதே கிடையாது. சில வாரம் கழித்து நிஜமாகவே அதைப் போட்டுக்கொண்டு அதே சிரிப்போடு நிற்பான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

பூக்கட்டிப் பார்க்கும் யோசனை என் கூட்டாளியுடையது. இந்தப் பக்கம் பெண் பார்க்கவும் நிலம் வாங்கவும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் கோல்கீப்பருக்குப் பார்த்தோம். ஒரே அளவில் இரண்டு வாழையிலைத் துண்டுகள், ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் இருப்பான், சிவப்பு வந்தால் போவான். அவனுக்குத் தடித்த விரல்கள் என்பதால் பொட்டலம் கட்டுவது நான். எது எதுவென்று எனக்கும் மறந்துபோக வேண்டும் என்பதால் எடுத்து வருவது அவன். மடவார் வளாகத்துச் சிவன் கோயிலுக்கு வெளியே அரசமரத்தடியில் இருக்கும் சின்னப் பிள்ளையார் முன்னால் வைப்போம். அங்கே பூ விற்கும் அக்காதான் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்.

“எதுக்குன்னு எங்கிட்டச் சொல்லாதிய. சொன்னா கை ஒரு பக்கம் சாஞ்சிரும்,” என்பார். மற்றதைப் பிரிக்காமல் மரத்து வேரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பதும் அவர் சொன்ன முறைதான்.

முதல் வருஷம் சிவப்பு வந்தது. கோல்கீப்பர் போனான். இரண்டாம் வருஷமும் சிவப்பு, யாருமே எதிர்பாராத ஒரு ஆள் போனான். மூன்றாம் வருஷம் எங்கள் கேப்டன் வேறு கிளப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், மருத்துவப் பரிசோதனைகூட முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுதிவிட்ட சாயங்காலம். பூ வெள்ளையாக வந்தது.

“இந்தத் தடவ பூ பொய் சொல்லிருச்சு மாப்ள,” என்று கூட்டாளி சிரித்தான்.

எதிர்க்கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் செய்தி வந்தது. பேச்சு முறிந்துவிட்டது, கேப்டன் இங்கேயே இருக்கிறான். கூட்டாளி கிளாஸைக் கீழே வைத்தான். அதுவரை அடித்துக்கொண்டிருந்த ஆடிக் காற்று நின்றுபோய், அரசமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. பூக்கார அக்கா எங்கள் பக்கம் பார்க்காமல் தொடுத்துக்கொண்டிருந்தார்.

“இனிமே வெளையாட்டுக்குக் கேக்கக் கூடாதுலே,” என்றான்.

அதற்கடுத்த ஆடியில் ஒருநாள் கேன்டீனில் வயதான தொழிலாளி ஒருவர் என்னிடம் கேட்டார். “ஒங்க ஆளு குஜராத்து போறானாமே? புது மில்லுல சூப்பர்வைசராமே?”

எங்கள் கிளப்பின் மாற்று ஆட்டக்காரன் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான் என்பது வரை எனக்குத் தெரியும். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பற்றித் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அறிகுறி எல்லாமே இருந்தது. லாக்கரில் பாதியைக் காலி செய்திருந்தான். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு இந்தி கேட்டான். ஃபோன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசினான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஷிப்ட் முடிந்ததும் கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இன்னும் முடிவு பண்ணல மாப்ள. பூப் பாத்துருவோம். வெள்ள வந்தா இங்கதான் இருப்பேன். சாமி சத்தியமா.”

மில் வாசலில் பூ வாங்கிக் கட்டினேன். அவன் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தான். இரண்டு இலையிலும் நந்தியாவட்டையையே வைத்தேன். சிவப்பு அரளியைச் சாக்கடையில் போட்டேன். அவன் வந்து இரண்டையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும், “சட்ட முழுக்க கிரீஸு. மாத்திட்டு வாரேன், செத்த நேரம் நில்லு,” என்று வீட்டுக்குப் போனான். வெள்ளைச் சட்டையில் திரும்பி வந்தான். பொட்டலங்களைப் பிள்ளையார் முன்னால் வைத்தான். அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் நிம்மதியாகப் பிரித்தேன்.

செவ்வரளி.

இரண்டிலும் வெள்ளை வைத்தவன் நான். என் கையால் வைத்த பூ. என் கையிலேயே சிவப்பாகக் கிடந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் நிற்கவே பயமாக இருந்தது.

“சரி, அப்ப போயிற வேண்டியதான்,” என்றான் அவன். என் தோளில் கையைப் போட்டு லேசாக அழுத்தினான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

மற்ற பொட்டலத்தை வேரில் வைப்பதுபோல் குனிந்து மடியில் செருகிக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அது இடுப்பில் சுட்டது. நான் செய்த திருட்டுத்தனத்துக்குச் சாமி பதில் சொல்லிவிட்டது, இனி வீட்டில் என்னவெல்லாம் நடக்குமோ என்று உதறலெடுத்தது. கடைசியில் எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் செவ்வரளி. நாரில் இரட்டை முடிச்சு விழுந்திருந்தது. நான் ஒற்றை முடிச்சுதான் போடுவேன். இது தடித்த விரல்கள் போட்ட முடிச்சு.

சாமி மாற்றியிருந்தால் வெறும் பயத்தோடு போயிருக்கும், இது அதைவிட வலித்தது. அவன் என்னிடம், “போகணும்னு இருக்கு மாப்ள,” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டை மாற்றப் போன வீட்டில் அவன் என் பொட்டலங்களைப் பிரித்திருக்க வேண்டும். இரண்டிலும் வெள்ளையைப் பார்த்திருக்க வேண்டும், வீட்டு அரளியைப் பறித்து மாற்றிக் கட்டியிருக்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் வந்து என் தோளில் கையைப் போட்டிருக்கிறான்.