சீமோன் இடித்த மடம்

சூடேறிய கம்பியை இரண்டு கைகள் மெல்ல இழுக்கின்றன. வெள்ளை றெஜிபோம் நுரைக்கட்டியிலிருந்து கூர்முனை வளைவு ஒன்று கழன்று வருகிறது. நகம் அதன் ஓரத்தைத் தடவுகிறது. பிசிறு தட்டினால் மறுபடியும் கம்பி.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற். கைகள் சீமோனுடையவை. ஞாயிறு பூசையைத் தவறவிடாத இவர், சனிக்கிழமைகளில் இந்துக் கல்யாணங்களுக்கு மணவறை போடுகிறார். எதைச் செய்தாலும் இடமும் வலமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மனைவி கிளடிஸ் ஒரு காதில் மட்டும் தோட்டோடு வந்து நின்றால், மற்றதைப் போடும்வரை அவர் முகம் பார்த்துப் பேசமாட்டார்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாரியில் பங்குத்தந்தைக்குக் குருத்துவ வெள்ளிவிழா வந்தது. அவர் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தில், இடைக்காலத்துப் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமொன்று இடிந்து கிடக்கிறது. விழாக்குழுச் செயலாளர் மக்டலீன் அதன் படத்தைக் கொடுத்து, விழாவுக்கு ஒரு சிறு மாதிரி அச்சாக அப்படியே வேண்டுமென்றார். சீமோன் கோபுரம், கூரை, மணி எல்லாம் வைத்து முழுசாகக் கட்டி முடித்துவிட்டார்.

"படத்தில கூரை இல்லையே, அண்ணை."

"உது பழுது, தங்கச்சி. நான் திருத்தி விட்டிருக்கிறன்."

முன்னொரு காலத்தில் இங்கிலாந்து அரசன் மடத்தை மூடியதையும், கூரை ஈயத்தை உருக்கி எடுத்ததையும், ஊரவர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் மாட்டுக்கொட்டில் கட்டியதையும் மக்டலீன் பொறுமையாகச் சொன்னார். சீமோனின் கவலை வேறு. விழாவுக்கு வரும் சனம் சொல்லித்தான் அவருக்குக் கல்யாண ஓடர்கள் கிடைக்கின்றன. "சீமோன்ர வேலை இடிஞ்சு போச்செண்டு ஒஷாவா வரைக்கும் கதை போகும்," என்றார்.

கடைசியில் இடித்தார். அதிலும் பிசிறு ஆகாது: கல்லுக்குக் கல் பென்சிலால் குறித்து, அளந்து கழற்றினார். இடப்பக்கச் சுவர் இடிந்த அளவுக்கு வலப்பக்கமும் இடிந்தது. மக்டலீன் படத்தைக் காட்டி, வலப்பக்கத்தை மறுபடி கட்டுவித்தார். கழற்றிய வளைவுகள் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் நடந்த கல்யாணமொன்றில் பிள்ளையாருக்குப் பின்னால் ஏறின. மடத்துக் கல்லைப் பெயர்த்த கிராமத்துச் சனம் செய்ததைத்தானே தானும் செய்தேன் என்பது சீமோனின் நியாயம்.

விழாவன்று காலை மக்டலீன் வான் வண்டியோடு வந்தார். சீமோன் ஒரு கையில் மடத்தை அணைத்தபடி, முதலில் சிறு பலகையொன்றை நீட்டினார். மணமக்கள் பெயர் எழுதும் அதே தங்கநிற எழுத்துக்கள்: 'கட்டியவர் சீமோன். இடித்தவர் இங்கிலாந்து அரசர்.'

மக்டலீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைக் கைப்பைக்குள் வைத்தார். சீமோன் மடத்தைக் கொடுக்கவில்லை. மக்டலீன் பலகையை வெளியே எடுத்து, மடத்து வாசலுக்கு முன்னால், நட்டநடுவில் குத்தினார். அதன்பிறகே சீமோன் மடத்திலிருந்து கையை எடுத்தார்.