இரண்டாவது கையெழுத்து

1. சைன் மாடி, சிஸ்டர்

குழந்தைகள் வார்டில் ஊசி மருந்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒரு நர்ஸ் அளவைக் கணக்கிட்டு மருந்தை சிரிஞ்சில் எடுப்பார். இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டு, இரண்டும் ஒத்துவந்தால் சார்ட்டில் கையெழுத்திடுவார். பெங்களூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் அந்த இரண்டாவது கையெழுத்தைக் கணக்குப் போடாமலேயே போட்டேன். எழுதவே கை கூசுகிறது. புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கூட்டாளி மஞ்சுளா சிரிஞ்சை நீட்டி "சைன் மாடி, சிஸ்டர்" என்பாள், கையெழுத்துப் போடுங்கள் என்று கன்னடத்தில். நான் நெற்றியைச் சுருக்கி, உதட்டை அசைத்து, கணக்குப் போடுவதுபோல் நாலு நொடி நின்றுவிட்டு, சைன் மாடிவிடுவேன். அளவு கணக்கிட வேண்டியது என் முறையானால் அதை அவளிடம் தள்ளிவிட்டு, நரம்பில் கேனுலா ஊசி போடப் போய்விடுவேன். எவ்வளவு மெல்லிய நரம்பானாலும் எனக்கு ஒரே குத்தில் கிடைக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2. கணக்கு பீரியட்

நான் பெங்களூர் அல்சூர் பக்கத்து ஜோகுபாளையத்துப் பெண். பள்ளியில் கணக்கு பீரியட் என்றாலே கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவேன். கணக்கு மிஸ் போர்டுக்குக் கூப்பிட்டால் சாக்பீஸ் கையில் ஈரமாகிவிடும். பின்னச் சுருக்கல் ஒன்றில் ஒருநாள் கால் மணி நேரம் அப்படியே நின்றேன். "உனக்கு இந்த ஜென்மத்துல கணக்கு வராதும்மா, போய் உக்காரு" என்றார் மிஸ். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவப்பட்டுச் சொன்னார், நானும் நம்பிவிட்டேன்.

பத்தாவதில் கணக்கு போயிற்று. சப்ளிமென்ட்ரியில் தட்டுத் தடுமாறித் தேறினேன். கணக்கே இல்லாத படிப்பு என்று யாரோ சொல்லக் கேட்டு நர்சிங் சேர்ந்தால், இரண்டாவது மாதமே மருந்து அளவுக் கணக்கு என்று ஒரு பாடம் வந்து நின்றது. வேண்டியதை இருப்பதால் வகுத்து, மில்லியால் பெருக்கு என்று ஒரு ஃபார்முலா. எனக்கு அது மந்திரம் மாதிரிதான். பரீட்சைக்கு வரக்கூடிய இருபது கணக்கை விடையோடு நெட்டுருப் போட்டேன். அதில் எட்டு வந்தது. பாஸ்.

3. லேபிள்

ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து ஒரு குழந்தை அட்மிட் ஆகியிருந்தது. எட்டு கிலோ எடை. ஒரு நாளைக்கு நூற்றிருபது மில்லிகிராம் ஆன்டிபயாட்டிக். அளவு மிஞ்சினால் கிட்னியைப் பிடிக்கும், காதே கேட்காமல் போகலாம் என்கிற மருந்து. எங்கள் வார்டுக்கு வழக்கமாக வருவது இரண்டு மில்லியில் நூறு மில்லிகிராம் உள்ள குப்பி. ஒரு குப்பி முழுதும், இரண்டாவதில் கொஞ்சமும் எடுத்தால் 2.4 மில்லி. தினமும் அதே அளவு.

மூன்றாம் நாள் காலை மஞ்சுளா 2.4 எடுத்துக்கொண்டு வந்தாள். நான் உதட்டை அசைத்துக் கையெழுத்துப் போட்டேன். கட்டிலருகே போனபோது குழந்தையின் அம்மா ட்ரேயிலிருந்த காலிக் குப்பியையே பார்த்தார்.

"சிஸ்டர், நேத்து லேபிள் வேறயா இருந்துச்சே. நான் கார்மென்ட்ஸ்ல செக்கிங். லேபிள் மாறினா கண்ணு அங்கதான் போவும்."

குப்பியை எடுத்துப் படித்தேன். அதே இரண்டு மில்லி, அதே உயரம். ஆனால் ஐந்நூறு மில்லிகிராம்.

மஞ்சுளா வெளுத்துப்போய் என்னைப் பார்த்தாள். இப்போது யாராவது கணக்குப் போட வேண்டும். ஃபார்முலா ஞாபகத்துக்கே வரவில்லை. சாக்பீஸ் பிடித்ததுபோல் விரல் ஈரமாயிற்று. அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நடிக்க முடியவில்லை.

அல்சூர் மார்க்கெட்டில் அரைக்கிலோ பீன்ஸ், கால்கிலோ கேரட் என்று நான் திணறியதே இல்லை. அந்த வழியில் போனேன். இரண்டு மில்லியில் ஐந்நூறு. ஒன்றில் இருநூற்றைம்பது. அரை மில்லியில் நூற்றிருபத்தைந்து. குழந்தைக்கு வேண்டியது நூற்றிருபது. அப்படியென்றால் அரை மில்லிக்கும் ஒரு பொட்டு கீழே. எங்கள் சிரிஞ்சில் இருந்தது அதைப்போல் ஐந்து மடங்கு.

சிரிஞ்சைத் திரும்ப ட்ரேயில் வைத்தேன். விடை வந்திருந்தது. என் விடை.

4. பத்துக்குப் பத்து

சரியான அளவைப் புதிதாக எடுத்துக் குழந்தைக்குப் போட்ட பிறகு, வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். குப்பி மாறியதை மஞ்சுளா கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லி நான் தப்பித்திருக்கலாம். மஞ்சுளா அழுதுகொண்டிருந்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

"நான் செக் பண்ணல சிஸ்டர். இன்னிக்கு மட்டும் இல்ல. எனக்குக் கணக்குன்னா பயம். எப்பவுமே பண்ணதில்ல."

அவர் மருந்து ட்ராலியின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, ஒரு மாதம் மருந்து ட்ராலியைத் தொடக்கூடாது, அதற்குள் பத்துக் கணக்கு எழுதிப் பத்தும் சரியாக வேண்டும், ஒன்பது வந்தாலும் வார்டு வேலை போய்விடும் என்றார். "ஒன்பது சரின்னா பத்தாவது குழந்தை கதி என்ன?" என்று கேட்டார். 

முப்பத்திரண்டு வயதில் மறுபடி மாணவியானேன். டீ இடைவேளையில் மஞ்சுளா ஒரு கணக்கைப் போட்டு, விடையை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். நான் போட்டு முடித்த பிறகுதான் கையை எடுப்பாள். முதல் வாரம் பத்தில் ஐந்து தப்பு. தசமப்புள்ளி தவளை மாதிரி இடம் மாறித் தாவும். அழுதிருக்கிறேன், பென்சிலை எறிந்திருக்கிறேன். அவளையும் திட்டியிருக்கிறேன், பாவம். ஃபார்முலாவைத் தொடாமல் என் அரைக்கிலோ, கால்கிலோ வழியில் முதலில் குத்துமதிப்பாக ஒரு அளவு சொல்லிவிட்டு, அப்புறம் சரியாகப் போடுவேன். குத்துமதிப்பும் விடையும் ரொம்ப விலகிப் போனால் எங்கோ சறுக்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியும்.

முதல் பரீட்சையில் ஒன்பது. மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. கெஞ்சிக் கேட்டு மறுபடி எழுதினேன். பத்து. இன்சார்ஜ் சிஸ்டர் தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டு ட்ராலிச் சாவியை மேசையில் வைத்தார்.

5. எனக்கு வேற வருது

அதன் பிறகு எங்கள் வார்டில் வழக்கம் மாறியது. முதல் ஆள் விடையை மூடித்தான் சார்ட்டை நீட்ட வேண்டும்.

போன வருடம், நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, பவித்ரா என்று ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். கணக்கென்றதும் அவள் கேனுலா ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நழுவுவதைப் பார்த்தேன். அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? ஒரு நாள் என் விடையை மூடிச் சார்ட்டை நீட்டினேன். போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். கையை எடுத்தேன்.

"சிஸ்டர்... எனக்கு வேற வருது."

சுள்ளென்று கோபம் வந்தது. நேற்று வந்தவள்! அவள் தாளில் என்ன தப்பென்று காட்டத்தான் வாங்கிப் பார்த்தேன். தப்பு என்னுடையது. பக்கத்துக் கட்டில் குழந்தையின் எடையை வைத்துப் போட்டிருக்கிறேன்.

எடுத்த மருந்தை அவள் கண் முன்னாலேயே கொட்டினேன். அவள் அழுதுவிடுவாள்போல நின்றாள். சாரி சிஸ்டர் என்று வேறு சொன்னாள். எதற்குச் சாரி? பதினோரு வருடம் நான் ஒரு தடவைகூடச் சொல்லாத 'எனக்கு வேற வருது' என்ற வார்த்தையை அவள் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள்.

புது சிரிஞ்சை எடுத்து அவளிடம் கொடுத்து, இந்தத் தடவை அளவை நீ போடு என்றேன். அவள் விடையை உள்ளங்கையால் மூடினாள். இரண்டாவது கையெழுத்துக்காக நான் என் பென்சிலை எடுத்துக்கொண்டேன்.