மைக்கில் வந்த அழைப்பு

என் அண்ணைக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இடது காது முன்பே போய்விட்டது. வலது காதில் மிச்சமிருப்பதும் அதிக நாள் நிற்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மெஷின் போட்டால் பேச்சுக் கேட்குமாம், பாட்டு பாட்டாகக் கேட்காதாம். வாழைக்குப் பசளை போடவேண்டும் என்பதுபோல அதை என்னிடம் சொல்லிவிட்டு அண்ணை முற்றத்துக்குப் போனார். அடுத்த நாள் காலையில் பார்த்தால், அலுமாரிக்கு மேல் வருடக்கணக்காகக் கிடந்த பேஸ் கிற்றாரை இறக்கிவைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏனென்று எனக்குத் தெரியும். அந்த மாதம் அவன் வருகிறான்.

அவன் என்றால், இப்போது உலகம் முழுக்க மேடை ஏறுகிற பெரிய றொக் கிற்றார்காரன். பிறந்தது அளவெட்டியில். ஊரே நாதஸ்வரத்தோடு விடிகிற இடத்தில் இவனுக்கு மட்டும் கரண்டில் அலறுகிற கிற்றார்தான் வேண்டியிருந்தது. சத்தம் தாங்காமல் வீட்டார் துரத்திவிட, நீர்வேலியில் எங்கள் தோட்டத்துப் புகையிலைக் கொட்டிலுக்குள் வந்து வாசிப்பான். பக்கத்தில் அண்ணை நாலு தடித்த தந்தியில் பேஸ் பிடிப்பார். ட்ரம்ஸ் அடிக்க ஒருவர், பாட ஒருவர். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலில் நின்று கேட்பேன். பிறகு நாட்டில் சண்டை வந்தது. அவன் வெளிநாடு போனான். மற்ற இரண்டு பேரும் செத்துப்போனார்கள். அண்ணை வாழைத் தோட்டத்தோடு நின்றுவிட்டார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்தடவையாகச் சொந்த ஊரில் வாசிக்கப்போகிறான் என்று மதிலெல்லாம் அவன் முகத்தை ஒட்டியிருந்தார்கள். காது அடைபடுமுன் அவனோடு மேடையில் நின்று ஒரே ஒரு பாட்டு வாசித்துவிட வேண்டும். அண்ணைக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

"ஒருக்கா போன் எடுத்துக் கதையுங்கோவன் அண்ணை" என்றேன்.

"நான் ஏன் எடுக்கவேணும்? ஊருக்கு வாறவன் அவன். வீட்டை வந்து சொல்லுவான்."

இது எங்கள் ஆட்களோடு பிறந்த வருத்தம், மருந்தில்லாத நோய். கலியாணம் என்றாலும் செத்தவீட்டு அந்தியேட்டி என்றாலும், படலை திறந்து உள்ளே வந்து, இருந்து, வாயால் சொல்லவேண்டும். கார்டை ஆரிடமாவது கொடுத்துவிட்டால் அது சொன்னதாகாது. சொந்த மச்சான் மகளின் கலியாணத்துக்கே அண்ணை அப்படிப் போகாமல் விட்டவர். பந்தியில் என்ன கறி என்று பிறகு என்னிடம் துருவித் துருவி விசாரித்ததும் அவர்தான்.

அவன் வந்து இறங்கிய நாளிலிருந்து முற்றம் கூட்டினபடி இருந்தது. அண்ணை சவரம் செய்து வெள்ளைச் சேட்டோடு விறாந்தையில் இருப்பார். ஓட்டோச் சத்தம் அவருக்குக் கேட்காது என்பதால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குப் பேஸ்புக்கில் நான் விளக்கமாக எழுதினேன், இப்படி ஒருவர் உயிரோடு நீர்வேலியில் இருக்கிறார் என்று. பதிலுக்குச் சிவப்பு இதயம் ஒன்று வந்தது.

அவன் வரவில்லை. ரிக்கற்றை நானே வாங்கினேன். "சும்மா போய்ப் பார்த்திட்டு வருவம்" என்று அண்ணை சொன்னார். ஆனால் ஓட்டோவில் ஏறும்போது கிற்றாரைப் போர்வையால் சுற்றி இருக்கைக்குப் பின்னால் கிடத்தினார்.

மைதானத்தில் அப்படியொரு சனம். லீவில் வந்த வெளிநாட்டுக்காரர் கறுத்த ரீசேட்டோடு முன்னுக்கு நின்றார்கள். எங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து கம்பஸ் பெடியளும் பெட்டையளும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். எங்களைப்போல வயதானவர்களுக்குப் பிளாஸ்டிக் கதிரை. கிற்றார்காரனைப் பார்க்கக் கோட்டும் திருநீறுமாக ஏன் வரவேண்டும் என்று கேட்காதீர்கள், எங்களுக்கு முன்வரிசையில் அப்படியும் இரண்டு பேர் இருந்தார்கள்.

அவன் முதல் தந்தியை இழுத்தான். பனையிலிருந்த காகமெல்லாம் எழும்பியது. என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. எங்கோ ஒரு குழந்தை வீரிட்டு அழ, தாய் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பக்கத்திலிருந்த அளவெட்டி மனிதர் ஒருவர், தவில்கார வீட்டு ஆள், தொடையில் தாளம் போட்டபடியே, "சுருதி சுத்தம். உந்தச் சத்தம்தான் என்னத்துக்கு?" என்று என் காதுக்குள் கத்தினார். இன்னொரு அம்மா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, "சண்டைக்காலத்திலை செல் அடிக்கேக்கை கூட இப்பிடி இல்லை" என்றார். சொன்னவர் எழும்பிப் போகவில்லை. கம்பஸ் பிள்ளைகளோ துள்ளினார்கள், கத்தினார்கள், அழுதார்கள். அவர்கள் பிறக்குமுன்பே ஊரைவிட்டுப் போனவனுக்காக ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பொறாமையாக இருந்தது.

அண்ணை மட்டும் அசையவில்லை. வலது காதை மேடைப் பக்கம் கொடுத்து, கண்ணை மூடி இருந்தார். இடதுகை விரல்கள் முழங்காலில் ஓடிக்கொண்டிருந்தன. "கேக்குதே அண்ணை?" என்று சைகையில் கேட்டேன். "ஓம்" என்று தலையாட்டினார். அந்த முகத்தைப் பார்த்து, அவர் மேடை ஏறுவார் என்று நான் மடைச்சிபோல நம்பத் தொடங்கினேன்.

பாதி நிகழ்ச்சியில் அவன் நிறுத்தினான். தலை முழுக்க நரைத்திருந்தது. வேர்வையைத் துடைத்துவிட்டு, இன்னும் மறக்காத ஊர்த்தமிழில் மைக்கில் கேட்டான்.

"நான் தொடங்கினது இஞ்சைதான். ஒரு புகையிலைக் கொட்டிலுக்குள்ளை. அப்ப என்னோடை வாசிச்ச பெடியள் ஆரும் இருந்தா, மேடைக்கு வாங்கோ."

"எழும்புங்கோ அண்ணை. உங்களைத்தான். நான் ஓடிப்போய் ஓட்டோவிலை கிடக்கிற கிற்றாரை எடுத்துக்கொண்டு வாறன்."

அண்ணை அசையவில்லை. கேட்கவில்லையோ என்று காதுக்குக் கிட்டப் போய்த் திரும்பச் சொன்னேன்.

"கேட்டது பிள்ளை" என்றார். "எனக்கு நல்லாய்க் கேட்டது. நீர்வேலி அவனுக்குத் தெரியாத இடமே? வீட்டை வராதவன் மைக்கிலை கூப்பிட்டால் நான் ஓடவேணுமே? ஒருக்கா இறங்கி வரட்டும். ஆரையும் அனுப்பட்டும்."

"அவனுக்கு நீங்கள் இருக்கிறதே தெரியாது அண்ணை!"

"விசாரிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைத் தூக்கிக் கிணற்றில் போடவேண்டும்போல இருந்தது. அவரது கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவன் நெற்றிக்கு மேல் கையை வைத்துச் சனத்துக்குள் தேடினான். கொஞ்ச நேரம் உண்மையாகத்தான் தேடினான், அதை நான் மறுக்கமாட்டேன். அண்ணையின் கண் அவனைவிட்டு எடுபடவில்லை. இன்னும் ஒருதரம் கேட்டிருந்தால் எழும்பியிருப்பார். கேட்டிருந்தால் கட்டாயம் எழும்பியிருப்பார்.

அவன் கையை இறக்கினான்.

"ஒருத்தரும் இல்லை போல" என்றான். "எல்லாரையும் சண்டை கொண்டுபோட்டுது. என்ரை மூண்டு கூட்டாளியளுக்காகவும் ஒரு நிமிஷம் எழும்பி நிப்பம்."

எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் பிறகு ஒருவரும் கதிரையில் இருக்கமாட்டார்கள். எத்தனை பேருக்காக இப்படி நின்று பழகிய சனம். கதிரைகள் பின்னால் தள்ளுப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது. கம்பஸ் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு இருமல்கூட இல்லை. அந்த அமைதிக்குள் வாய் திறந்து, "பொய், இஞ்சை ஒருவர் இருக்கிறார்" என்று கத்த என்னால் முடியவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த யாராலும் முடியாது.

என் பக்கத்தில் அண்ணை எழும்பினார். மைக்கில் கூப்பிட்டபோது எழும்பாதவர், முழங்காலில் கையூன்றி மெதுவாக எழும்பி, சேட்டை இழுத்துச் சரிசெய்து, கைகளை முன்னால் கட்டி, தலையைக் குனிந்து நின்றார். செத்த இரண்டு பேருக்கும், தனக்கும் சேர்த்து.

அதன்பிறகு அவன் வாசித்தது கொட்டிலுக்குள் பிறந்த பாட்டு. பேஸ் தனியாகத் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒருவன் அதை வாசித்தான். பிழையில்லாமல் வாசித்தான். மைதானமே உதறியது. ஸ்பீக்கருக்குக் கிட்ட நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். அண்ணையின் விரல்களைப் பார்த்தேன். அவை ஓடவில்லை.

ஓட்டோவில் திரும்பும்போது எனக்கு இரண்டு காதும் இரைந்துகொண்டிருந்தன. டிரைவர் என்ன கேட்டார் என்றே விளங்கவில்லை. அண்ணை போர்வையோடு கிற்றாரை மடியில் வைத்திருந்தார். வாழைத் தோட்டங்களுக்குள் திரும்பியபோது என் பக்கம் சரிந்தார்.

"கடைசியா வாசிச்சது எங்கடை பாட்டே?" என்று கேட்டார். "கொஞ்சம் சத்தமாய் வாசிச்சிருக்கலாம். எனக்கு வடிவாய்க் கேக்கேல்லை, பிள்ளை."