எட்டு நிமிஷம்

என் அப்பா அளசிங்கர் மைசூர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. கோட்டை அக்ரகாரத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போக நேரமாகிறது என்று 1952இல் வீடு மாற்ற முடிவு செய்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கைக்கடிகாரத்தோடு ஊரைச் சுற்றினார். சரஸ்வதிபுரத்திலிருந்து ஆபீஸுக்குப் பதினைந்து நிமிஷம், ஒண்டிக்கொப்பலிலிருந்து எட்டே நிமிஷம்.

"ஒண்டிக்கொப்பல்தான்" என்றார்.

"உங்களுக்கு எது சௌகரியமோ" என்றாள் அம்மா.

அக்ரகாரத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் அம்மாவின் தங்கை பூமா சித்தி இருந்தாள். ஏகாதசியன்று இரண்டு பேரும் உபவாசம் இருப்பார்கள். மறுநாள் துவாதசி, விடிந்ததும் அம்மா குளித்து மடிப்புடவையோடு சித்தி வீட்டுக்குப் போவாள். அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்கள். புது வீட்டிலிருந்து அது வெகு தூரம்; பிறர் தொட்டாலே கெட்டுப்போகும் மடியோடு குதிரை வண்டியில் ஏற முடியாது. ஆகவே ஒண்டிக்கொப்பலில் ஏழு வருஷம் அம்மா தனியாகவே சாப்பிட்டாள். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அம்மா காலமான பிறகு ஒரு துவாதசியன்று, விடியற்காலையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்கு நடந்தே போனார். வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்பத்தஞ்சு நிமிஷம் ஆறது, பூமா" என்றார்.

சித்தி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அக்காவும் ஒரு தடவை நடந்து வந்தா, அத்திம்பேர். உங்களுக்கு ஆபீஸுக்கு நேரமாயிடும்னு, போட்ட இலையில உக்காராமலே திரும்பிட்டா."