தெமியாங் தொட்டியில் தழை பிடித்த கதை

தண்ணிக்குள் வளரும் தழை விற்கிறேன் என்றால் ஜனங்கள் முதலில் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள், அப்புறம்தான் தழையைப் பார்ப்பார்கள். எஸ்டேட் வீட்டுக் கொல்லையில் பழைய ஐஸ் பெட்டிகளில் தண்ணி கட்டி வளர்த்து, ஞாயிறு காலையில் பெடாஸ் ஊர்ச் சந்தையில், எங்கள் பேச்சில் பாசாரில், கடை போடுகிறேன். நீங்களும் உயிருள்ள ஏதாவது ஒன்றை விற்றுப் பார்த்தவர்கள் என்றால் பக்கத்தில் வாருங்கள், பேசுவோம்.

போனில் இருந்த பச்சைக் கம்பளம்

ஸ்டெல்லா சுங்கை காடுட் பேக்டரியில் வேலை பார்ப்பவள். சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வந்து போனை நீட்டினாள். மீன்தொட்டி அடியில் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு படம். அதேதான் வேண்டும் என்றாள். அவள் அப்பா அந்தோணி, ரப்பர் எஸ்டேட்டில் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். வழுக்கி விழுந்த பிறகு தெமியாங்கில் மகள் வீட்டோடு இருக்கிறார். கண் ஆபரேஷன் ஆனதால் வெளிச்சம் கூசுகிறது. ஜன்னலில் துணி, அவர் அறையில் வைத்திருக்கும் மீன்தொட்டிக்கும் சின்ன விளக்குதான். மனுஷன் சுவரையே பார்த்துப் படுத்துக் கிடக்கிறாராம்.

படத்தில் இருக்கிற செடி வெயில் மாதிரி வெளிச்சம் கேட்கும், அந்த அறையில் மஞ்சளாகிச் செத்துவிடும் என்றேன். நல்லதையெல்லாம் சிரம்பான் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இவளிடம் தள்ளுகிறேனோ என்று பார்த்தாள். இருட்டிலும் தாங்கும் கிரிப்ட் என்கிற குட்டைச் செடியும், கல்லில் கட்டிவிட ஒரு பிடி ஜாவா பாசியும் எடுத்து வைத்தேன். பாசியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல இதத்தானே தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறேன். நீங்க பை போட்டுக் குடுக்குறீங்களே, ஆண்ட்டி."

கரைந்து போன இலை

கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள். பிளாஸ்டிக் பைக்குள் கூழ். கிரிப்ட் அப்படித்தான், இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையெல்லாம் கரைத்துவிடும், வேரை மட்டும் தொடாமல் விட்டால் மறுபடி துளிர்க்கும் என்றேன். செத்த செடியை விற்கிறவளும் இதையேதான் சொல்லுவாள், எனக்கே தெரிகிறது.

அவள் கவலை செடி இல்லை. இந்த வீட்டில் தழையே பிடிக்கவில்லை, மனுஷன் எப்படிப் பிடிப்பான், என்னை என் பழைய எஸ்டேட் வீட்டுக்கே கொண்டுபோய் விடு என்கிறாராம் அப்பா. அங்கே இப்போது அக்கம்பக்கம்கூட யாரும் இல்லை. விழுந்தால் தூக்க ஆள் கிடையாது. வேரை நம்பும்மா என்றேன்.

"எல்லாம் போச்சு, கண்ணுக்குத் தெரியாதது மட்டும் உயிரோட இருக்கு, நம்புன்னா, ஃபாதர் பிரசங்கம் வைக்கிற மாதிரி இருக்கு, ஆண்ட்டி."

மீன் மேல் கேஸ்

துளிர் வந்தது. ஆனால் பரவவில்லை. கிரிப்ட் மண்ணுக்கடியில் கொடி ஓட்டி, தள்ளித் தள்ளிக் குட்டி போடும். அப்படித்தான் அடி மூடும். இங்கே குட்டி தலை காட்டும், மறுநாள் இருக்காது. ஸ்டெல்லாவுக்கு என் மேல் சந்தேகம். எனக்கு அவள் தொட்டியில் குளோரோக்ஸ் கிளோரோக்ஸ் என்று கழுவுகிற மருந்து எதையாவது ஊற்றுகிறாளோ என்று சந்தேகம். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து மீனைச் சந்தேகப்பட்டோம். பக்கத்துக் கடையில் கீரை விற்கும் முத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கட்டுப் போட்டான்.

"மீன் மேல பழி போடுறது சுலபம்லா, அது வாயத் திறந்து பேசாது. வீட்டுல சும்மா இருக்குற ஆளு யாரு, அதப் பாருங்க."

ஈரக் கை

போய்விட்டேன் தெமியாங்குக்கு. மண்டோர் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கைச் சட்டை முழங்கை வரைக்கும் ஈரம். கோப்பைத் தட்டில் பிடுங்கின குட்டிச் செடிகளை, வேரோடு, ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கியிருந்தார்.

தழை பிடிக்கவில்லை என்று மகளிடம் காட்டி எஸ்டேட்டுக்குப் போவதற்காகவே இதைச் செய்கிறாரோ என்று எனக்குப் பட்டது. கேட்டேவிட்டேன். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஸ்டெல்லா வரிசையாக நட்டாளாம். வரிசைக்கு வெளியே முளைத்தால் அது புல். புல்லைக் கண்டால் பிடுங்க வேண்டும். நீ எந்த எஸ்டேட்டில் வேலை பார்த்தாய் என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஸ்டெல்லா வாசல்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மெதுவாகச் சொன்னேன். ஐயா, கன்று ரப்பருக்கு நடுவே மண் காயாமல் இருக்கக் கொடி போட்டு மூடுவோமே, கவர் கிராப், இது அந்தக் கணக்கு. வரிசை கிடையாது, ஓடவிட வேண்டும் என்றேன். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார், திரும்ப நடச் சொல்லி.

"கவர் கிராப்புன்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஏம்மா கை வைக்கிறேன்?"

மண்டோர் ரிப்போர்ட்

இப்போது ஞாயிறு தவறாமல் பாசாருக்கு மண்டோரிடமிருந்து போன் வருகிறது. கொடி எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, எந்தக் கல்லடியில் நிற்கிறது என்று ரிப்போர்ட். காலையில் எழுந்ததும் நாற்காலியைத் தொட்டிக்கு இழுத்துக்கொள்கிறார், சோறும் அங்கேயே சாப்பிடுகிறார் என்று ஸ்டெல்லா சொன்னாள். எஸ்டேட்டுக்கு எப்போது போகிறீர்கள் ஐயா என்று போன வாரம் வேண்டுமென்றே கேட்டேன். வேவு பார்க்க மகள்தான் என்னை ஏவிவிட்டிருக்கிறாளோ என்று யோசித்திருப்பார் போல.

"பம்பு பக்கம் இன்னும் மூடல. வேலைய பாதியில போட்டுட்டு நான் எங்க போறது?"

விற்றதோடு வேலை முடிந்தது என்று நினைத்து இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், தயவுசெய்து பிளாஸ்டிக் செடி விற்கவும்.