மதியத்தில் உரல் இடிப்பவள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இது கட்டுக்கதை இல்லை. சென்ற ஜூலையில், துனிசியாவின் கடலோர ஊரான மஹ்தியாவில், எனக்கே நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைத்திருந்தவள் நான். இப்போது இரவில் நன்றாகத் தூங்குகிறேன். மதியத்தில்தான் கண்ணை மூட முடிவதில்லை.

என் பெயர் ஸல்கா. சொந்த ஊர் மொரிட்டானியாவில் நுவாதிபு. மூன்று வருடமாகத் துனிஸ் நகரில் உணவுப் பொறியியல் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டுக் கோடையில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் நான்கு வாரம் பயிற்சி எடுத்தாக வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் அடுத்த ஆண்டு இல்லை. உதவித்தொகையும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நடுவில் ஒரு நாள் நின்றாலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "அப்பவே அந்த ஊரை விட்டு ஓடியிருக்க வேண்டியதுதானே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பது சுலபம்.

எனக்குக் கிடைத்தது மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை. அதன் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியில் மீன் வாடை போகாது. தங்குவதற்குப் பழைய ஊருக்குள் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரி ஜாஸியா குடும்பத்தோடு இத்தாலியில் இருந்தாள். தொலைபேசியில்தான் பேசினாள்.

"வீடு சும்மாதான் கிடக்கு, பொண்ணே. ஜூலை முழுக்க இருந்துக்கோ. ஆகஸ்ட்ல நாங்க வந்துடுவோம். முற்றத்து மல்லிகைக்கு மட்டும் தண்ணி ஊத்திடு."

நடுவில் முற்றம், ஓர் அறை, அடுப்படி, மேலே மொட்டை மாடி. இடப்பக்கம் சந்து. வலப்பக்கம் இன்னொரு வீடு, ஒட்டினாற்போல். இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தச் சுவரோரமாகத்தான் என் மெத்தையைப் போட்டிருந்தேன்.

கோடையில் இங்கே காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் வேலை மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அதன் பிறகு ஐந்து மணி வரை ஊரே தூங்கும். தெருவில் ஈ, காக்கை இருக்காது. வெளியே ஓடப் பார்க்கும் பிள்ளைகளை "நடுப்பகல் கிழவி பிடிச்சுக்கிட்டுப் போயிடுவா" என்று மிரட்டிப் படுக்க வைப்பார்கள். எனக்குப் படுத்தால் தூக்கம் வராது. பேசவும் ஆள் கிடையாது. சில நாட்களில் வேலை முடிந்து மறுநாள் காலை வரை நான் வாய் திறந்து பேசிய ஒரே பேச்சு, ரொட்டிக் கடையில் சொன்ன "ஒண்ணு குடுங்க" என்பதுதான்.

பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்தில் ஹயாத் அக்கா உட்காருவாள். நாற்பது வயதிருக்கும். தினமும் வாசலில் பிரியும்போது கூப்பிடுவாள்.

"வீட்டுக்கு வாடி. ரொட்டிக் கடைக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு. சேர்ந்து சாப்பிடலாம்."

"கண்டிப்பா வரேன்க்கா."

நான் போகவில்லை. மூன்று வருடத்தில் இப்படி என்னைக் கூப்பிட்டவர்கள் ஏராளம். ஒப்புக்குக் கூப்பிடுவார்கள், நானும் ஒப்புக்குத் தலையாட்டுவேன். ஹயாத் அக்கா கதவின் நிறத்தைக்கூடச் சொன்னாள். அதையும் நான் ஒப்புக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை. மணி இரண்டே முக்கால். மெத்தையில் படுத்திருந்தேன்.

டங்... டங்... டங்...

சிறிது இடைவெளி. மறுபடியும் மூன்று.

பித்தளை உரல், ஒரு கையால் தூக்கக்கூடிய சின்னது. அந்தக் கணீர் சத்தத்தை இந்த நாட்டில் யாரும் வேறொன்று என்று நினைக்க மாட்டார்கள். ஜூலை மாதம் வீட்டுக்கு வீடு ஒரு வருடத்துக்கான மசாலாவை இடித்து வைக்கும் காலம். ஆனால் மதியத் தூக்க நேரத்தில் யாரும் இடிக்க மாட்டார்கள். இடித்தால் தெருவே திட்டும். அன்று யாரும் திட்டவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கொத்தமல்லி விதையும் பூண்டும் இடிபட்டால் நான்கு வீட்டுக்கு மணக்கும். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. தரையில் வைத்து இடிப்பது போலவும் இல்லை. சுவரிலேயே மோதுவது போல இருந்தது. என் தலையணை மேல் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது.

பயந்தேனா? இல்லை. சந்தோஷப்பட்டேன். நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். எழுந்து உட்கார்ந்து, விரல் முட்டியால் சுவரில் மூன்று முறை தட்டினேன்.

சத்தம் நின்றது.

வெகுநேரம் கழித்து, என் விரல் பட்ட அதே இடத்துக்கு நேர் பின்னால், மெதுவாக ஒரே ஒரு முறை...

டங்.

வியாழக்கிழமை மாடியில் உட்கார்ந்து தேநீர் போட்டேன். எங்கள் ஊரில் தேநீர் என்றால் மூன்று சுற்று. மூன்றும் குடிக்காமல் விருந்தாளி எழுந்து போகக் கூடாது. வீட்டுக்காரர் போக விடவும் கூடாது. நுரை பொங்க ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி, இரண்டு மாடிகளுக்கும் நடுவில் இருந்த இடுப்பளவுச் சுவரின் மேல் வைத்தேன். அந்தப் பக்கத்து மாடியில் கொடி கட்டியிருந்தது. துணி ஒன்றும் இல்லை.

"அக்கா, டீ வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கிளாஸ் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தினால், அடியில் ஒரு குத்து கொத்தமல்லி விதை. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள் இங்கே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு விதையை எடுத்து நசுக்கினேன். பொடியாக உதிர்ந்தது. எல்லாம் உளுத்த விதை, உள்ளே ஒன்றுமில்லை. பழைய சரக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாவது கிளாஸ். இந்த முறை அடியில் ஒரு சின்ன மல்லிகைச் செண்டு. மாலையில் கடற்கரையில் விற்பார்களே, ஆண்கள்கூடக் காதில் செருகிக்கொள்வார்களே, அது. புதுச் செண்டு வெள்ளையாக இருக்கும். ஒரு நாள் ஆனால் பழுக்கும். இது கருத்து, சருகாகி, தொட்டதும் நூல் மட்டும் கையில் மிஞ்சியது.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? கீழே வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"ரெண்டு கிளாஸ் ஆச்சுக்கா. மூணாவதை நம்ம வீட்டுக்கு வந்துதான் குடிக்கணும், சரியா?"

ஒப்புக்குத்தான் சொன்னேன். என்னை எல்லோரும் கூப்பிடுவது போல.

மறுநாள் இரண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். தெருக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். நன்றாக நினைவிருக்கிறது, போட்டேன். அறையில் சின்ன அடுப்பைப் பற்ற வைத்துத் தேநீர் கொதிக்க விட்டேன். தட்டில் இரண்டு கிளாஸ், எனக்கொன்று, அவளுக்கொன்று.

இரண்டே முக்கால். சுவரில் சத்தம் இல்லை.

மூன்று மணி. இல்லை.

சுவரில் காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. காலி வீட்டுக்கென்று ஒரு அமைதி உண்டு. அதுதான் கேட்டது.

அப்போது...

டங்.

சுவரிலிருந்து இல்லை.

முற்றத்திலிருந்து. என் முற்றத்திலிருந்து.

பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம். சர்ர்ர்...

டங்.

சர்ர்ர்...

நடக்க முடியாத ஒருவர், கையில் இருக்கும் கனத்தை முன்னால் ஊன்றி, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவது போல.

அறை வாசலில் துணித் திரைதான். அதன் அடியில் ஒரு சாண் இடைவெளி.

டங்.

உரலின் விளிம்பு தெரிந்தது. பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

அது மெல்லச் சாய்ந்தது. அதன் வாய் என் பக்கம் திரும்பியது. ஊற்று என்று நீட்டிய கிளாஸ் போல.

என் பின்னால் தேநீர் கொதித்து வழிந்துகொண்டிருந்தது.

திரைக்கு அப்பால் ஒரு குரல். வறண்ட குரல்.

"கேக்குதா...?"

ஓடினேன். எப்படித் தாண்டினேன், தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன், தெரியாது. காலில் செருப்பு இல்லை. தெரு வெள்ளை வெளேரென்று எரிந்தது. முதல் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. அடுத்த கதவு. அடுத்தது. தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. மேலே ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து, "யாருடி அது இந்நேரத்துல? மனுஷங்களைத் தூங்க விடு" என்று அதட்டல். ஒரு கதவுக்குப் பின்னால் குழந்தை ஒன்று கிசுகிசுத்தது.

"அம்மா, நடுப்பகல் கிழவி வந்துட்டா."

"பேசாம படு. திறக்கக் கூடாது."

எதிர்ச் சந்து. பச்சைக் கதவு. இரண்டு கையாலும் அடித்தேன்.

ஹயாத் அக்கா திறந்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் என்னை உள்ளே இழுத்து, கால் இரண்டையும் தண்ணீரில் வைத்து, முதுகைத் தடவினாள். கொஞ்சம் தெளிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று இடி, ஓர் இடைவெளி, மறுபடியும் மூன்று என்று சொன்னபோது அவள் கை நின்றுவிட்டது.

"அந்த வீடு ஒரு வருஷமா பூட்டிக் கிடக்குடி" என்றாள்.

"யாரு இருந்தாங்க?"

"மன்னூபியா பெரியம்மா. பிள்ளைங்க எல்லாம் இத்தாலில. தனியாத்தான் இருந்தாங்க. போன ஜூலைல மசாலா இடிச்சுக்கிட்டு இருந்தவங்க விழுந்துட்டாங்க. இடுப்பு உடைஞ்சுபோச்சு. எந்திரிக்க முடியல. கூப்பிடக் குரலும் இல்ல போல. கையில இருந்தது உரல் மட்டும்தான்."

நான் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன்.

"சுவத்துல இடிச்சிருக்காங்க. மூணு நாள், ஸல்கா. தெருவே கேட்டுச்சு. மதியத்துல அப்படி என்ன இடி வேண்டிக் கிடக்குன்னு மாடியிலேர்ந்து ஒருத்தி கத்துனா. அது நான்தான்." தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலாம் நாள் சத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு தூங்குனோம்."

மீதி நாட்கள் ஹயாத் அக்கா வீட்டில்தான் இருந்தேன். வேலைக்கு ஒரு நாளும் தவறவில்லை. என் பெட்டியை அவளும் அவள் கணவரும் காலை வெயிலில் போய் எடுத்து வந்தார்கள். அவசரத்தில் தேநீர்த் தட்டை விட்டுவிட்டார்கள். "முதல் நாளே வந்திருக்கலாம்ல? நான் என்ன விளையாட்டுக்கா கூப்பிட்டேன்?" என்று அவள் கேட்டாள். கடைசி நாளில், இயக்குநர் விடுமுறையில் இருப்பதாகவும், செப்டம்பரில் நேரில் வந்து சான்றிதழை வாங்கிக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்பினார்கள்.

துனிஸ் திரும்பினேன். விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். எங்கள் மாடியில் நான் மட்டும்தான்.

ஆகஸ்ட் நடுவில் ஹயாத் அக்கா கூப்பிட்டாள். ஜாஸியா குடும்பம் வந்துவிட்டதாம். மன்னூபியாவின் பிள்ளைகளும் வீட்டை விற்பதற்காக வந்து பூட்டைத் திறந்தார்களாம். தரையெல்லாம் விரல் கனத்துக்குத் தூசி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"எல்லாம் வச்சது வச்சபடி இருந்துச்சாம். உரலைத் தவிர. போன வருஷம் பிள்ளைங்க அவங்க கையாலதான் அதை அலமாரியில வச்சுப் பூட்டிட்டுப் போனாங்களாம்."

"இப்போ எங்க இருந்துச்சு?"

"ஜாஸியா வீட்டுல. உன் அறையில. உன் தேநீர்த் தட்டுக்குப் பக்கத்துல."

உரலைப் பிள்ளைகள் இத்தாலிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஆனாலும் ஜாஸியா வீட்டில் மதியம் தோறும் சத்தம் கேட்கிறதாம். சுவரில் இல்லை, அறைக்குள்ளேயே. மூன்று இடி, ஓர் இடைவெளி, மறுபடியும் மூன்று.

"அந்த மொரிட்டானியாக்காரி என்னத்தக் கூட்டிட்டு வந்து வச்சுட்டுப் போனாளோன்னு உன்னைத் திட்டுறா."

"யாராவது பதிலுக்குத் தட்டிப் பாத்தாங்களா, அக்கா?"

"யாருடி தட்டுவா? காதுல பஞ்சை வச்சுக்கிட்டுத் தூங்குறாங்க."

அடுத்த வாரம் சான்றிதழ் வாங்க மஹ்தியா போக வேண்டும். காலையில் போய், மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நேற்று கடைக்குப் போய்ப் பச்சைத் தேயிலை வாங்கி வந்திருக்கிறேன். கூப்பிட்டது நான். வந்தவள் என் விருந்தாளி. மூன்றாவது கிளாஸை நான் ஊற்றும்வரை அவளால் அந்த வீட்டை விட்டுப் போக முடியாது.